தட்டின் நடுவே எரிமலை எப்படி? ஹவாயை வைத்துக் கேள்வி பதில்

கே: சார், பூமியின் மேல் ஓடாக இருக்கும் தட்டுகள் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் எரிமலை வரும்னு பள்ளியில் படிச்சோம். ஹவாய் பசிபிக் தட்டுக்கு நட்ட நடுவில் இருக்கே?

ப: பெரும்பாலான எரிமலைகள் தட்டுகள் முட்டும் அல்லது விலகும் எல்லைகளில்தான் வருகின்றன, ஹவாய் விதிவிலக்கு. ஹவாய்க்கு மிக அருகிலுள்ள தட்டு எல்லையே 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே சூடு அடியிலிருந்து வருகிறது. தட்டுகளுக்கு அடியிலுள்ள பாறை அடுக்கான மேன்டிலின் ஒரே இடத்திலிருந்து வெப்பம் வந்துகொண்டிருக்க, மேலே தட்டு நகர்கிறது என்று 1963இல் புவி விஞ்ஞானி டூசோ வில்சன் சொன்னார். அந்த வெப்பம் மேன்டிலின் ஆழத்திலிருந்தே தூணாக எழுகிறது என்றார் இன்னொரு புவி விஞ்ஞானி ஜேசன் மார்கன், 1971இல்.

கே: அப்போ கீழே முழுக்க நெருப்புக் குழம்புதானே?

ப: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம், பாடப்புத்தகப் படங்களின் கைங்கரியம். மேன்டில் திடப்பாறை. ஆனால் சூட்டில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று மெல்ல ஊர்கிறது. ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால், அவ்வளவு சூட்டிலும் அது உருகுவதில்லை. பாறை மேலே வர வர அழுத்தம் குறைகிறது, சூடு அந்த அளவுக்குக் குறைவதில்லை. தட்டின் அடியை நெருங்கும்போது அதில் ஒரு சிறு பங்கு மட்டும் உருகிப் பிரிகிறது. கூடுதலாக யாரும் அடுப்பு மூட்டத் தேவையில்லை, அழுத்தம் விட்டாலே போதும்.

கே: தீவுகள் ஏன் வரிசை கட்டி நிக்குது அண்ணே?

ப: வயதைப் பாருங்கள். வடமேற்கே உள்ள கவாய் தீவுக்குச் சுமார் 50 லட்சம் ஆண்டு. தென்கிழக்கே உள்ள பெரிய தீவுக்கு 10 லட்சம்கூட ஆகவில்லை. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வகுத்தால் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர், பசிபிக் தட்டின் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். எரிமலைத் தெய்வமான பெலே கவாயில் தொடங்கித் தென்கிழக்காகத் தீவு தீவாக இடம் மாறினாள் என்று ஹவாய் மக்களின் பழங்கதை சொல்கிறது. வரிசையை அவர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள்!

கே: அடுத்த தீவு உண்டா?

ப: உண்டு. காமஎஹுவகனலோவா என்ற கடலடி எரிமலை, பழைய பெயர் லோய்ஹி. அதன் உச்சி இன்னும் கடல்மட்டத்துக்குச் சுமார் 975 மீட்டர் கீழே இருக்கிறது. வெளியே தலைகாட்டப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும்.

கே: வரைபடத்தில் அந்தச் சங்கிலி பாதியில் வடக்கே திரும்புதே?

ப: நல்ல கேள்வி. அந்த வளைவுக்கு வயது சுமார் 4.7 கோடி ஆண்டு. தட்டு சட்டென்று திசை மாறியதுதான் காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். 2001இல் வடக்கே உள்ள எம்பரர் கடலடி மலைகளைத் துளையிட்டு, பாறையில் உறைந்திருந்த காந்தத் தடத்தை அளந்தார்கள். பாறை எந்த அட்சரேகையில் இறுகியது என்பதை அந்தத் தடம் காட்டிக்கொடுக்கும். அவை இறுகியது இன்றைய ஹவாய்க்கு வடக்கே! அதாவது அடியிலிருந்து வெப்பம் எழும் அந்த இடமும் (ஹாட்ஸ்பாட்) அந்தக் காலத்தில் தெற்கே நகர்ந்திருக்கிறது. 'அசையாத புள்ளி' என்று இன்னமும் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

கே: இந்தியாவில் இப்படி ஏதாவது?

ப: தக்காணத்தின் கரும்பாறை அடுக்குகள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் ஹாட்ஸ்பாட்டுக்கு மேலே இருந்தபோது கொட்டியது. பிறகு நாம் வடக்கே வந்துவிட்டோம். லட்சத்தீவு, மாலத்தீவுப் பவளப்பாறைகளுக்கு அடியில் இருப்பது அந்தப் பயணத்தின் தடம். அந்த ஹாட்ஸ்பாட் இன்றும் ரீயூனியன் தீவின் பிட்டோன் டி லா ஃபுர்னேஸ் எரிமலையில் அடிக்கடி லாவா கக்குகிறது.