மாம்பழம் பழுத்ததா?

அன்புள்ள சார்,

விடுமுறையில் என் மகனுக்கு, ஆர்.கே. நாராயண் கதைகளை வைத்து எடுத்த ‘மால்குடி டேஸ்’ தொடரில் சிறுவன் சுவாமி வரும் பகுதிகளைப் போட்டுக் காட்டினேன். ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவன் வயதில் நான் தூர்தர்ஷனில் பார்த்து ரசித்த தொடர். ஆரம்ப இசையைக் கேட்டதுமே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சுவாமி கணக்குப் போடும் காட்சியில் என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலை எடுத்து மறுபடியும் படித்தேன். பிரம்பு, திட்டு, பயம்! இதற்கா சின்ன வயதில் அப்படிச் சிரித்தேன் என்று இருந்தது. பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். சில புத்தகங்களைத் திரும்பத் திறக்கவே கூடாதோ? உங்களுக்கு இப்படி நேர்ந்தது உண்டா?

ச., திருநெல்வேலி

*

அன்புள்ள ச.,

எனக்கும் நேர்ந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு, அப்பா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அலமாரியை ஒழிக்கும்போது அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. நின்றபடியே படிக்க ஆரம்பித்து, தரையில் உட்கார்ந்து முடித்தேன்.

தொடரை நான் பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தவன். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத் விழிப்பதைப் பார்த்தாலே எல்லாம் புரிந்துவிடும். நாவலை ஒன்பதாம் வகுப்பில்தான் படித்தேன், ஆங்கிலத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதனால் எனக்குப் புத்தகத்தின் சுவாமிக்கும் மஞ்சுநாத்தின் முகம்தான்.

உங்கள் மகன் சிரித்த கணக்கு எனக்கு மனப்பாடம். ராமனிடம் பத்து மாம்பழம். அவற்றை விற்றுப் பதினைந்து அணா சம்பாதிக்கப் பார்க்கிறான். கிருஷ்ணனுக்கு நான்கு பழம் போதும். அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? சுவாமிக்குக் கணக்கு நகரவே இல்லை. பழம் பழுத்ததா இல்லையா என்பது தெரிந்தாக வேண்டும் அவனுக்கு. கடைசியில் அப்பாவிடமே கேட்டுவிடுகிறான். சின்ன வயதில் அந்தக் கேள்வியோடு என் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த வரியை இப்போதுதான் கவனித்தேன். அப்பா வந்த சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். முதலில் கணக்கைப் போடு, பழுத்ததா இல்லையா என்று பிறகு சொல்கிறேன் என்கிறார். அந்த அடக்கிய சிரிப்பு எங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நீங்கள் எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள் என்று தெரியவில்லை. சுவாமி வீட்டைவிட்டு ஓடிப்போன பிறகு ஒரு பகுதி வருகிறது, அதுவரை போயிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவனை எங்கும் காணோம். இரவு. அப்பா தேடிக்கொண்டு கிளம்புகிறார். எல்லம்மன் தெருவைத் தாண்டி சரயு ஆற்று மணல்வரைக்கும் போகிறார். எதற்காக அங்கே போகிறோம் என்று தனக்குள்ளேயே வெட்கப்படுகிறார், ஆனாலும் போகிறார். பிறகு ரயில் பாதைக்கும் போகிறார். நட்சத்திர வெளிச்சத்தில் தண்டவாளம் மங்கலாகத் தெரிகிறது. என்ன நினைத்து அங்கே வந்தார் என்பதை நாராயண் விளக்குவதில்லை, விளக்கவும் வேண்டியதில்லை. எனக்கு இந்தப் பகுதி துளிகூட நினைவில் இல்லை! சுவாமி இல்லாத பக்கங்கள் என்பதால் அன்றைக்கு வேகமாகப் புரட்டியிருப்பேன். இப்போது எனக்கு நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சரி, பிரம்புக்கு வருகிறேன். நாம் அடிக்குச் சிரித்தோம் என்று நீங்கள் வருந்த வேண்டாம். போர்டு ஹைஸ்கூல் தலைமையாசிரியர் அடிக்க வரும்போது, சுவாமி அவர் கைப்பிரம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டு ஓடுகிறானே, நம் சிரிப்பு அதற்குத்தான். நாமும் அடி வாங்கும் பள்ளிகளில் இருந்தோம். எனக்கு ஐந்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் இருந்தார். தமிழ்ப் பாடவேளை முடிந்து அவர் வருவதற்குள் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அந்தக் கையோடு வாழ்ந்த பையனுக்கு, பிரம்பை எறிந்த இன்னொரு பையன் எவ்வளவு பெரிய துணை! பயம் அன்றைக்கும் புத்தகத்தில் இருந்தது. நாம் அதற்குள்ளேயே இருந்ததால் அது தனியாகத் தெரியவில்லை.

தொடர் கொஞ்சம் இதமானது, அது உண்மை. இயக்குநர் சங்கர் நாக் அதைக் கர்நாடகத்தின் ஆகும்பேயில் எடுத்தார், மலை மழையில் நனைந்த ஊர். நான் படித்தபோது கண்ட மால்குடியில், நாராயணின் அந்தக் கற்பனை ஊரில், புழுதிதான் அதிகம். ஆனால் அப்பாவாக நடித்த கிரீஷ் கர்னாட் அந்தப் பாத்திரத்துக்குச் செய்தது பெரிய காரியம். அதட்டும்போதே கண்ணில் ஒரு கனிவு தெரியும். நீங்கள் அவர் முகத்தையே பார்த்ததில் வியப்பில்லை. இத்தனையும் செய்த சங்கர் நாக் 1990இல் ஒரு கார் விபத்தில் போய்விட்டார், முப்பத்தைந்து வயதில். எல். வைத்தியநாதனின் அந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சங்கர் நாக்கின் நினைவும் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாவலே ஆற்றோடு போயிருக்க வேண்டியது. பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததில் மனம் நொந்து, கையெழுத்துப் பிரதியைக் கல்லைக் கட்டித் தேம்ஸில் போட்டுவிடு என்று ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு எழுதினார் நாராயண். நண்பர் அதை ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1935இல் புத்தகம் வந்தது. அந்த நண்பரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆகவே திரும்பத் திறங்கள். பாதியில் விட்ட இடத்திலிருந்தே படியுங்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும் மகனோடு சேர்ந்து படிக்க முடியுமா பாருங்கள். சுவாமியின் நண்பன் ராஜம் ஊரைவிட்டுத் திருச்சிக்குப் போகிறான். சுவாமி அவனுக்காக ஆண்டர்சன் கதைப் புத்தகம் கொண்டுவருகிறான். ரயில் நகர்ந்துவிடுகிறது, ராஜம் ஏதோ சொன்னது காதில் விழவில்லை. கடிதம் எழுதுவதாகச் சொன்னான் என்கிறான் இன்னொரு நண்பன் மணி. அது உண்மையா, சமாதானத்துக்குச் சொன்னதா என்று மணியின் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. அதோடு நாவல் முடிகிறது.

பதினான்கு வயதில், ராஜம் கட்டாயம் எழுதியிருப்பான் என்று நான் நண்பனோடு சண்டை போட்டேன். இப்போது மணிக்காகத்தான் கலங்குகிறேன். உங்கள் மகன் என்ன சொல்கிறான் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.