வெனிஸை ஏன் விட்டுவைத்தார்கள்?

கேள்வி: வலுவிழந்த பிறகும் வெனிஸ் குடியரசை வல்லரசுகள் விழுங்காதது ஏன்?

பதில்: விழுங்கப் பார்த்தார்கள். பிரான்ஸின் பன்னிரண்டாம் லூயி, புனித ரோமப் பேரரசர் மாக்சிமிலியன், அரகோனின் ஃபெர்டினாண்ட், போப் இரண்டாம் ஜூலியஸ் ஆகியோர் காம்ப்ரே கூட்டணியில் சேர்ந்து வெனிஸின் நிலங்களைப் பங்கு போட முனைந்தார்கள். 1509 மே மாதம் அக்னாடெல்லோவில் அதன் படை சிதறியதும் உள்நாட்டு நகரங்களில் பெரும்பாலானவை கைவிட்டுப் போயின. ஆனால், பங்கு முடிவதற்குள்ளேயே, இத்தாலியில் பிரான்ஸ் காலூன்றுவது வெனிஸைவிடப் பெரிய ஆபத்து என்று போப்புக்குப் பட்டது. 1510இல் அவர் வெனிஸுடன் சமாதானம் செய்துகொண்டு, மறு ஆண்டு அதையே பிரான்ஸுக்கு எதிரான அணியில் சேர்த்துக்கொண்டார். 1517க்குள் இழந்தவற்றில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. அந்த நிலம் தனக்குக் கிடைக்காவிட்டாலும் எதிராளியிடம் போகக் கூடாது என்ற கணக்கே பிற்காலத்திலும் வெனிஸைக் காத்தது.

கேள்வி: அதைக் காப்பாற்றியது நகரைச் சூழ்ந்த காயல் இல்லையா?

பதில்: நகரத்தை மட்டும். வெரோனாவும் பிரெஷாவும் பெர்காமோவும் காயலுக்குள் இல்லையே! கடல் கடந்த உடைமைகளின் கதையையும் பாருங்கள்: துருக்கியரை அங்கே தடுத்து நிறுத்தும் அளவுக்கு வேறு எந்த வல்லரசின் நலனும் பிணைந்திருக்கவில்லை, ஆகவே சைப்ரஸ் 1571இலும், 24 ஆண்டுப் போருக்குப் பின் 1669இல் கிரீட்டும் பறிபோயின.

கேள்வி: 1714க்குப் பிறகு மிலான் ஆஸ்திரியாவின் கைக்கு வந்தது. நடுவில் கிடந்த வெனிஸ் நிலத்தை அது ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

பதில்: எடுக்காமலேயே வேண்டியதெல்லாம் கிடைத்தது என்பதே என் முடிவு. வெனிஸ் நடுநிலை அறிவித்திருந்ததே தவிர, அதைக் காக்கப் போதிய படை அதனிடம் இல்லை; 1701இல் ஆஸ்திரியப் படைத்தலைவரான இளவரசர் யூஜின் ஆல்ப்ஸிலிருந்து அதன் மண்ணில் இறங்கி, அதே மண்ணில் இருந்த கியாரியில் பிரெஞ்சுக்காரர்களுடன் மோதினார். வணிகத்திலும் 1719இல் திரியெஸ்தே சுங்கமற்ற துறைமுகமாக அறிவிக்கப்பட்டதால், வெனிஸைப் பிடிக்காமலே அதன் சரக்கை இழுக்க வழி பிறந்தது. துருக்கியருக்கு எதிராக 1716இல் இரண்டும் ஓரணியில் நின்றதும் உண்மை. கைப்பற்றியிருந்தால் இத்தாலியில் சம பங்கு கேட்டு பிரான்ஸும் ஸ்பெயினும் கிளம்பியிருக்கும். ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. 1782இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப், ருஷ்யப் பேரரசி காதரீனுக்கு எழுதியபோது வெனிஸின் கடற்கரைப் பகுதிகளான இஸ்திரியாவையும் தல்மாஷியாவையும் தம் பங்காகக் கேட்டார். அது கடிதத்தோடு நின்றது.

கேள்வி: இன்னோர் இத்தாலியக் குடியரசான ஜெனோவாவுக்கும் இதே விளக்கம் பொருந்துமா?

பதில்: ஓரளவுக்கு. ஸ்பானிய மன்னர்களுக்குக் கடன் கொடுத்த நகரம் என்பதால் மாட்ரிட்டின் நிழல் அதற்கு நெடுங்காலம் இருந்தது. 1746இல் ஆஸ்திரியர் நுழைந்தபோது அவர்களை விரட்டியது நகர மக்களின் கிளர்ச்சி.

கேள்வி: அப்படியானால் 1797இல் மட்டும் கணக்கு ஏன் தவறியது?

பதில்: தவறவில்லை, அதே கணக்குதான் இம்முறை வெனிஸுக்கு எதிராகத் திரும்பியது. பெல்ஜியத்தையும் லொம்பார்தியையும் விட்டுக்கொடுக்க ஆஸ்திரியாவுக்கு ஈடு தேவைப்பட்டது. போரில் எந்தப் பக்கமும் சேராத வெனிஸுக்காகப் பேச ஒருவரும் இல்லை. ஏப்ரலில் லெயோபனில் நெப்போலியன் இரகசியமாக அதைப் பேரத்தில் வைத்தார். மே 12 அன்று வெனிஸை ஆண்ட பெருமன்றம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. அக்டோபர் 17 அன்று கம்போ ஃபோர்மியோவில் வெனிஸ் நகரும் இஸ்திரியாவும் தல்மாஷியாவும் ஆஸ்திரியாவுக்கும், அயோனியத் தீவுகள் பிரான்ஸுக்கும் போயின.