சக்கரம் சுற்றாத பழைய சிங்கர்

பாட்டியின் சிங்கர் 15கே தையல் மெஷினில் சக்கரம் அசையவில்லை, பாபின் கேஸும் (அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் சின்ன உலோகக் கூடு) காணோம் என்கிறீர்கள். முதலில் ஷட்டிலை, அதாவது ஊசிக்கு அடியில் அந்த கேஸ் பொருந்தும் கொக்கிப் பகுதியைக் கழற்றி, உள்ளே நூல் சிக்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், பெரும்பாலும் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டு, அது பிசினாக இறுகியிருக்கும். எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் நான்கைந்து சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பழுப்பாக அழுக்கு கசியும். துடைத்துவிட்டு மெஷின் ஆயில் விடுங்கள். மெஷின் மேலுள்ள தங்கப் பூ வேலைப்பாட்டில் மட்டும் ஸ்பிரிட், தின்னர் படவே கூடாது. ஒரு மெஷினை அப்படிப் பாழாக்கியவன் நான்.

அப்புறம், பாபின் கேஸுக்கு அலைய வேண்டாம். உஷா, மெரிட்டின் பழைய சாதா மெஷின்களும் இதே அமைப்புதான். ஆனால் கேஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு சாயும் பக்கத்தில் இரண்டு வகை உண்டு, அதனால் ஷட்டிலைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள்.