தோட்டத்திலிருந்து வரும் கரப்பான்

கேள்வி: ராயக்கோட்டை அருகே எங்களுக்குச் சாமந்தித் தோட்டம் இருக்கிறது. என் கணவருக்கு இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் கறுத்துத் தடித்து, சொறிந்தால் நீர் கசிகிறது. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பால் அடங்குகிறது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகிறது. கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தியும் பயனில்லை. என்ன செய்வது?
- வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கத்தரிக்காயையும் கருவாட்டையும் அவருக்குத் தாராளமாகக் கொடுங்கள், சகோதரி. இமையிலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சேர்ந்து வருவதைப் பார்த்தால், காற்றில் பறந்து வந்து தோலில் படியும் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் வரும் கரப்பானாக, அதாவது எக்ஸிமா என்னும் தோல் அழற்சியாகத் தோன்றுகிறது. நம் நாட்டில் இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, 1950-களில் புனே பக்கம் கண்டறியப்பட்டு இன்று வரப்பெங்கும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் என்னும் களைச்செடி. சாமந்தியும் அதே குடும்பத்துச் செடி என்பதால், பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத பலருக்குச் சாமந்தியும் ஒத்துக்கொள்வதில்லை. சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இதை உறுதிசெய்யும்; தோல் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

எனக்குப் பெருங்கவலை தருவது அந்தக் களிம்புதான். கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் பல களிம்புகளில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அதை இமையில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிவதோடு, கண்ணின் அழுத்தமும் உயரக்கூடும். ட்யூபைத் தவறாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்காக, அவர் எழுதித் தரும் ஸ்டீராய்டுக்கு அஞ்ச வேண்டாம். சுட்டுவிரலின் முதல் ரேகையிலிருந்து நுனிவரை பிதுக்கும் மருந்து ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். இமைக்கு டாக்ரோலிமஸ் போன்ற வேறு மருந்தைத் தருவதுண்டு. குளித்தவுடன், ஈரம் காய்வதற்குள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுவதை ஒருநாளும் விடக்கூடாது.

களையை உங்கள் கணவர் பிடுங்க வேண்டாம். ஒவ்வாமை இல்லாதவர்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, பார்த்தீனியம் பூக்கும் முன்பே பிடுங்கட்டும். தோட்டத்திலிருந்து வந்ததும் அவர் குளித்து உடை மாற்ற வேண்டும். விடியற்காலையில் சந்தைக்கு அனுப்பப் பறித்துவைத்த பூ மூட்டைகளை அவர் படுக்கும் அறையில் வைக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் அசதயோப்ரின் மாத்திரை உண்டு. ஆனால் இரத்தப் பரிசோதனையுடன், மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அதைச் சாப்பிட வேண்டும். சீழோ காய்ச்சலோ கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சாமந்தியும் ஆகாது என்று சோதனையில் தெரிந்தால், பயிரை மாற்றுவது பற்றி யோசியுங்கள். செண்டுமல்லியும் அதே குடும்பம் என்பதால் அது வேண்டாம். ரோஜா, குண்டுமல்லி, தக்காளி ஆகியவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை.