கம்போடியாவின் அங்கோர்வாட் கோயிலைப் பார்க்க ஒரே நாள்தான் இருக்கிறது. சூரிய உதயத்துக்காக விடியுமுன் போவது அவசியமா?

போகலாம். ஆனால் உதயத்தைப் பார்த்த கையோடு காலை உணவுக்கு விடுதிக்குத் திரும்பிவிடுவது உங்கள் திட்டமாக இருந்தால், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே என் கருத்து. உதயத்துக்காக வரும் பயணிகளில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் கிளம்பிய பிறகுதான் அந்தக் கோயிலில் பார்க்க வேண்டியது தொடங்குகிறது.

முதலில் உதயத்தைப் பற்றி. வழக்கத்துக்கு மாறாக இக்கோயில் மேற்கு நோக்கிக் கட்டப்பட்டது. ஆகையால் மேற்கு வாயில் வழியாக உள்ளே சென்று குளக்கரையில் நிற்பவருக்குச் சூரியன் கோயிலின் பின்புறத்திலிருந்து எழுகிறது. கண்ணுக்குத் தெரிவது ஐந்து கோபுரங்களின் கருநிழல் உருவமும் தண்ணீரில் அதன் பிரதிபலிப்பும் மட்டுமே. கல்லின் நிறமோ வேலைப்பாடோ தெரியாது. அழகுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் மேகம் சூழ்ந்துவிட்டால் அதுவும் இல்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டிச் செல்பவர்களுக்கு மட்டும் நான் மறுபேச்சின்றிப் பரிந்துரைப்பேன். அப்போது மேற்குப் பாதையிலிருந்து பார்த்தால் சூரியன் நடுக்கோபுரத்தின் உச்சிக்கு நேராக எழும்.

நான் சென்ற அன்று வடபுறக் குளத்தைச் சுற்றி ஆள் நுழைய இடமில்லாத அளவுக்குக் கூட்டம். முன்னால் நின்றவர்கள் உயர்த்திப் பிடித்த கைப்பேசித் திரைகளின் வழியாகத்தான் வானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. வெளிச்சம் வந்ததும் அத்தனை பேரும் டுக்டுக் என்னும் ஆட்டோக்கள் நிற்கும் பக்கம் திரும்பி நடந்தார்கள். எதிர்த்திசையில், கோயிலை நோக்கி நடந்தவர்கள் மிகச் சிலரே.

அந்த நேரத்தில் நீங்கள் செல்ல வேண்டிய இடம் கீழ்த்தளத்தில் நான்கு பக்கமும் ஓடும் திருச்சுற்று மண்டபம். ஒரு பக்கம் தூண் வரிசை, மறுபக்கம் முழுவதும் புடைப்புச் சிற்பங்கள் செதுக்கிய மணற்கல் சுவர். மற்ற நாட்டுப் பயணிகள் வழிகாட்டி சொல்லச் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கதைகளை நம்மவர்கள் துணையின்றியே படித்துவிடலாம். பாரதமும் இராமாயணமும் கேட்டு வளர்ந்தவருக்கு அங்கே பாதிப்பேர் தெரிந்த முகங்கள். மேற்கு நுழைவிலிருந்து வலப்புறம் திரும்பினால் முதலில் வருவது குருட்சேத்திரம். இடமிருந்து கௌரவர்களும் வலமிருந்து பாண்டவர்களும் அணிவகுத்து வந்து நடுவில் மோதுகிறார்கள். ஓரங்களில் ஒழுங்காக நடக்கும் காலாட்படை நடுவை நெருங்க நெருங்க ஒன்றன்மேல் ஒன்று விழும் உடல்களாக மாறுவதைக் கவனியுங்கள். அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரையும், அருச்சுனனுக்குத் தேரோட்டும் நான்கு கைக் கண்ணனையும் தேடிக் கண்டுபிடிப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது.

அங்கிருந்து தென்பக்கம் திரும்பினால் புராணம் நின்று வரலாறு வருகிறது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கோயிலைத் திருமாலுக்காக எழுப்பிய, கம்போடியாவின் கெமர் இன மன்னன் இரண்டாம் சூரியவர்மன், குடைகள் சூழ அமர்ந்து தன் படைத்தலைவர்களைப் பார்வையிடுகிறான். அதை அடுத்து யமலோகம். எருமை மீது பல கைகளுடன் யமன், அவன் தீர்ப்பைக் கேட்டுப் பாவிகள் கீழே தள்ளப்படும் வழி, மூக்கில் கயிறு கோத்து இழுத்துச் செல்லப்படும் எலும்பும் தோலுமான உருவங்கள். 37 சொர்க்கங்களையும் 32 நரகங்களையும் அங்கே காட்டியிருக்கிறார்கள். எந்த ஊரிலும் போலவே, சொர்க்கத்தைவிட நரகத்தில்தான் சிற்பிக்குக் கை ஓடியிருக்கிறது.

கிழக்குப் பக்கத்தின் தென்பகுதியில் இருக்கும் பாற்கடல் கடையும் காட்சிக்கு மட்டும் அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள். ஏறத்தாழ 49 மீட்டர் நீளச் சுவரில் ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவே மந்தர மலையின் முன் திருமால், அடியில் ஆமை. வாசுகியைப் பற்றிய கைகள் ஒரே தாளத்தில் வரிசையாகச் செல்கின்றன. அசுரர்களுக்கு உருண்டு பிதுங்கிய கண்கள். தேவர்களுக்கு நீண்ட கண்களும் கூம்பு மகுடமும். எல்லோரும் மேலேயே பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் குனிந்து கீழ்வரிசையைப் பாருங்கள். ஓரங்களில் மீன்களும் முதலைகளும் முழு உடலோடு நீந்துகின்றன. மத்தை நெருங்கும் இடத்தில் அவை சுழற்சியின் வேகத்தில் துண்டு துண்டாக அறுபட்டுக் கிடக்கின்றன. கடல் கடையப்பட்டால் கடலில் வாழ்பவற்றுக்கு என்ன ஆகும் என்று யோசித்த சிற்பியை நான் வேறெங்கும் கண்டதில்லை. காலை வெயில் இந்தப் பக்கத்தில்தான் தூண்களுக்கிடையே சாய்வாக விழும் என்பதால் நேரமும் பொருந்தி வரும்.

அதற்கு வடக்கே உள்ள சுவர்கள் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கி முடிக்கப்பட்டவை. வேலைப்பாட்டில் வித்தியாசம் வெளிப்படையாகத் தெரியும்; விரைவாகக் கடந்துவிடலாம். மேற்குப் பக்கத்தின் வடபகுதியில் இருக்கும் இலங்கைப் போரில் மீண்டும் நின்றுவிடுங்கள். அனுமனின் தோள்மீது நின்று இராமன் அம்பு தொடுக்க, பின்னால் இலக்குவனும் வீடணனும் நிற்க, எதிரே பத்துத் தலை இருபது கைகளுடன் இராவணன். இடையில் குரங்குகள் அரக்கர்களைக் கடித்துக் குதறுகின்றன.

இந்த வரிசையில் நடக்கும்போது கோயில் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். நாம் வலம் வருவதற்கு நேர்மாறான சுற்று இது. இதையும் மேற்கு நோக்கிய அமைப்பையும் சேர்த்து வைத்துத்தான், இது மன்னனின் ஈமச்சடங்கோடு தொடர்புடைய கோயிலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கோர்வாட்டைத் தமிழ் மன்னன் கட்டினான் என்று பகிரப்படும் செய்திகளை நம்பிச் செல்லாதீர்கள். சூரியவர்மன் கெமர் மன்னன், கட்டியவர்களும் அம்மக்களே. தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. காம்போச (கம்போடிய) அரசன் சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனுக்கு அளித்த ஒரு கல் சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு ஒன்று கூறுகிறது. இருப்பதைச் சொன்னாலே போதுமான பெருமை அதில் இருக்கிறது.

நடைமுறைச் செய்திகள் சில. நுழைவுச்சீட்டில் உங்கள் புகைப்படத்தை அச்சிட்டுத் தருவார்கள். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர் என்பது 2017 முதல் உள்ள கட்டணம். முந்தைய நாள் மாலையே வாங்கி வைத்துக்கொண்டால் அதிகாலை வரிசையைத் தவிர்க்கலாம். மேல்தளமான பாக்கனுக்குச் செல்ல தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். மேலே போட்டுக்கொள்ளும் துண்டைக் காட்டிச் சமாளிக்க முடியாது. பௌத்தப் புனித நாட்களில் அந்தத் தளத்தை மூடிவிடுவார்கள், படிகளும் செங்குத்து. மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துச் சென்றால் அவர்களைக் கீழ் மண்டபத்திலேயே அமர வைத்துவிடுங்கள். நட்டம் ஒன்றும் இல்லை.

பத்து மணிக்குமேல் வெயில் கடுமையாகிவிடும். அப்போது வெளியே வந்து, பாயோன் கோயிலையும் மரவேர்கள் கவ்விய தா புரோம் கோயிலையும் பார்த்துவிட்டு, மாலை நான்கு மணி வாக்கில் மீண்டும் அங்கோர்வாட்டின் மேற்கு வாயிலுக்கு வாருங்கள். அதே சீட்டு அன்று முழுவதும் செல்லும். காலையில் கருநிழலாக நின்ற முகப்பின் மீது அப்போதுதான் நேர்வெயில் விழும். படம் எடுப்பதானால் அந்த நேரத்தில் எடுங்கள்.