பட்டியலின் கடைசி வரி

கேள்வி: அண்ணா, பர்மாவின் மோல்மீனில் அப்பாவுக்கு உளுந்து மண்டி. இருப்பை வீசைக் கணக்கில் வைக்கும் விண்டோஸ் 3.1 காலத்து நிரல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் இப்போது உயிரோடு இல்லை. புதுக் கணினியில் விண்டோஸ் 11 அதைத் திறக்கவே மறுத்ததால், லினக்ஸ் போட்டு, விண்டோஸ் நிரல்களை அதில் ஓட வைக்கும் வைனில் ஓட்டுகிறேன். எல்லாம் சரி, பட்டியலின் கடைசி வரி மட்டும் தெரியவில்லை. வைனின் மூலநிரலை இறக்கி, பட்டியல் பெட்டியைக் காட்டும் லிஸ்ட்பாக்ஸ் கோப்பில் ஓரிடத்தில் 1 கூட்டினேன். வரி வந்துவிட்டது! இதை வைன்காரர்களுக்கு எப்படிக் கொடுப்பது? மூலநிரலிலிருந்து வைனைக் கட்டும்போது (கம்பைல்) அடிக்கடி கரண்டு வேறு போய்விடுகிறது.
- வாசகர், மோல்மீன்

பதில்: தம்பி, அந்த வரியைப் பார்த்த அப்பாவின் முகத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. வீசையில் கணக்கு வைக்கும் நிரலை இன்றைக்கு எந்தக் கடையில் போய் வாங்குவது? விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டும்தான். 64 பிட் விண்டோஸ், உங்களுடையதைப் போன்ற 16 பிட் நிரலைத் தொடாது. வைன் தொடும். 1993இல் ஆரம்பித்து, 2008 ஜூனில்தான் 1.0 என்ற எண்ணை எட்டிய வேலை அது.

ஆனால் அந்த 1ஐ அப்படியே அனுப்பாதீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். ரங்கூனில் ஓர் அச்சகத்தின் பழைய ரசீது நிரலுக்காக மூன்று இடங்களைத் திருத்தி, ஒரே கட்டாக அனுப்பினேன். “இந்த இடத்தில் விண்டோஸ் என்ன செய்கிறது? சோதனை எங்கே?” என்று ஒரு வரிப் பதில் வந்தது. என்னிடம் விடை இல்லை. என் நிரல் ஓடியது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸின் லிஸ்ட்பாக்ஸ், வழக்கமாக முழு வரிகள் மட்டும் தெரியும்படி தன் உயரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எல்பிஎஸ்_நோஇன்டெக்ரல்ஹைட் என்ற பாணியைக் கொடுத்தால் குறைக்காது. அடியில் பாதி வரி எட்டிப்பார்க்கும். உங்கள் நிரல் எந்த வகை? நீங்கள் கூட்டிய 1, உங்கள் மண்டிக்குச் சரியாக இருந்து, வேறு ஊரில் ஒரு மருந்துக்கடை நிரலில் காலி வரி ஒன்றைக் காட்டினால்? அதனால் முதலில், வைனுக்குள் நடப்பதை எழுதிக் காட்டும் வைன்டீபக் அமைப்பில் +லிஸ்ட்பாக்ஸ் என்று கொடுத்து ஓட்டி, என்னென்ன செய்திகள் போகின்றன என்று பாருங்கள்.

அப்புறம், ஜன்னல், பட்டியல் போன்றவற்றைக் கையாளும் யூசர்32 பகுதிக்குள் இருக்கும் டெஸ்ட்ஸ் அடைவில் ஒரு சின்னச் சோதனை எழுதுங்கள். ஒரே உயரத்தில் இரண்டு லிஸ்ட்பாக்ஸ். ஒன்றுக்கு அந்தப் பாணி உண்டு, மற்றதற்கு இல்லை. இரண்டையும் கடைசிவரை உருட்டி, மேலே நிற்பது எத்தனையாவது வரி என்று கேளுங்கள். கையில் பழைய விண்டோஸ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வைன் திட்டத்தின் டெஸ்ட்பாட், உங்கள் சோதனையை உண்மையான விண்டோஸின் பல பதிப்புகளில் ஓட்டி முடிவைத் தரும். விண்டோஸில் தேறி வைனில் தோற்கும் வரியை டூடூ_வைன் என்று குறியுங்கள். இது முதல் கமிட், அதாவது கிட் என்ற கருவியில் பதியும் ஒரு மாற்றம். உங்கள் திருத்தம் இரண்டாவது கமிட். அதில் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். படிக்கிறவருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது. நான் இரண்டு மாதம் கழித்து இப்படிப் பிரித்து அனுப்பிய பிறகுதான் என்னுடையது உள்ளே போனது.

கமிட் தலைப்பில் முதலில் பகுதியின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு முற்றுப்புள்ளியோடு ஒரு வாக்கியம். வைனின் கிட்லேப் தளத்தில் மெர்ஜ் ரிக்வெஸ்ட்டாக, அதாவது சேர்க்கக் கேட்கும் விண்ணப்பமாகக் கொடுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஆண்டு வெளியீட்டுக்காகக் கதவைப் பாதி சாத்திவிடுவார்கள். வெளியீடு பெரும்பாலும் பொங்கலை ஒட்டியோ பொங்கல் கழிந்த கையோடோ வரும். ஐப்பசிக்குள் அனுப்பிவிடுங்கள்.

கரண்டு போனால் முதலிலிருந்து கட்ட வேண்டியதில்லை. மேக் கட்டளை விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்டு போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த .ஓ கோப்பு மட்டும் வெறுமையாகக் கிடக்கலாம். பூஜ்ஜியம் பைட் கோப்புகளைத் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: 2020 செப்டம்பரில் கசிந்த விண்டோஸ் எக்ஸ்பி மூலநிரலை ஒரு நண்பர் பென்டிரைவில் தருகிறேன் என்கிறார். அதைப் பார்த்து வைனுக்கு எழுதினால் வேலை சுலபம்தானே?
- மாணவர், ரங்கூன்

பதில்: வாங்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பார்த்தவர் எழுதுவதை வைன் ஏற்காது. அவர்களுடைய நிரலைப் பிரித்துப் படித்து எழுதுவதற்கும் இடமில்லை. வெளியான ஆவணங்களைப் படிக்கலாம், மேலே சொன்னதுபோல் சோதனை எழுதி வெளியிலிருந்து கேட்கலாம். ஒருவர் பார்த்து எழுதிய பத்து வரி, முப்பது வருடமாகப் பலர் கண்விழித்து எழுதியதையெல்லாம் வழக்குக்கு இழுத்துவிடக்கூடும். ஏற்கெனவே பார்த்திருந்தால் மறைக்க வேண்டாம். பிழை அறிக்கை எழுதுங்கள்; அதற்கும் அங்கே ஆள் வேண்டும்.

கேள்வி: வைனில் சொந்தப் பெயர்தான் கொடுக்க வேண்டுமாமே? எனக்கு வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். எதைக் கொடுப்பது?
- மீண்டும் மோல்மீன் வாசகர்

பதில்: ஆமாம், புனைபெயர் கூடாது. நம்மில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு. பதிப்புரிமை விஷயம் என்பதால், கேட்டால் காட்டக்கூடிய பெயரே நல்லது. நான் அட்டைப் பெயரைத்தான் கொடுத்தேன். எழுதியவர்களின் பெயர்ப்பட்டியலான ஆத்தர்ஸ் கோப்பில் அதைப் பார்த்த அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் அம்மா கூப்பிட்ட பெயர் அங்கே இல்லையே என்று மனசு கனத்தது. இன்னமும் கனக்கிறது. நீங்கள் முதல் கமிட்டுக்கு முன்பே கிட் அமைப்பில் பெயரைச் சரிபார்த்துவிடுங்கள். உள்ளே போன பிறகு மாற்ற முடியாது.