பந்தைக் கேட்டிருக்கலாமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாகச் சிகாகோவை ஒட்டிய நேப்பர்வில்லில் இரண்டு வருடம் இருந்தேன். போய் இறங்கிய முதல் வாரமே நம்மவர்கள் சொன்ன புத்திமதி, "நகரத்தின் தெற்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் போய்விடாதே" என்பதுதான். திங்கட்கிழமை காலையில், வார இறுதியில் சுடப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் கிரிக்கெட் ஸ்கோர் போலச் செய்தியில் வாசிப்பார்கள். சுட்டவனும் கறுப்பு இளைஞன், செத்தவனும் கறுப்பு இளைஞன். அடிமைமுறை ஒழிந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் வெள்ளைக்காரனையே குற்றம் சொல்லலாமா? அவர்கள் பண்பாட்டிலேயே கோளாறு இல்லையா? தன் பிள்ளைகளைத் திருத்த அந்தச் சமூகம் என்னதான் செய்கிறது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு முன்னால் நிற்கும் கேள்வியைத் தாண்டித்தான் அதற்கு வர வேண்டும்.

ஒரு கூட்டத்துக்கே குற்றம் பிறவிக்குணம் என்று ஆங்கிலேயர்கள் 1871இல் சட்டமே எழுதி, பின்னாளில் நம் மதுரைப் பக்கத்துக் கிராமங்கள்வரை கொண்டுவந்து கைரேகை வாங்கினார்கள். நம்மிடம் செல்லாக்காசாகிப்போன அந்த வாதத்தை அமெரிக்காவில் மாற்றப் பார்க்காதீர்கள். அங்கே கொல்லப்படும் வெள்ளையர்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேரைக் கொல்வது வெள்ளையர்கள்தான். கொலை பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குள், பக்கத்துத் தெருக்களுக்குள் நடப்பது. ஆனால் கறுப்பு இளைஞர்கள் சாகும் விகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதை மறைத்துப் பேசுவதிலும் எனக்கு விருப்பமில்லை.

போகக் கூடாது என்று உங்களுக்குச் சொன்ன மேற்குப் பக்கத்தில் நார்த் லான்டேல் என்று ஒரு பகுதி இருக்கிறது. தென் மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பர்கள் 1950களில் இங்கே வீடு வாங்கினார்கள். எப்படி வாங்கினார்கள் என்பதைக் கேளுங்கள். 1930களில் அரசு நிறுவனம் தயாரித்த வீட்டுக்கடன் வரைபடங்களில் கறுப்பர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். அப்படிப்பட்ட பகுதிகளில் வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே தரகர்களிடம் இரண்டு மடங்கு விலைக்குத் தவணையில் வாங்கினார்கள். கடைசித் தவணை முடியும்வரை பத்திரம் தரகர் கையில். ஒரு மாதம் தவறினால் வீடும் போயிற்று, அதுவரை கட்டிய பணமும் போயிற்று. தரகர் அதே வீட்டை அடுத்த குடும்பத்துக்கு விற்பார். கந்துவட்டியைக் கண்டவர்கள் நாம், இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

1966இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தப் பகுதியில்தான் ஒரு பழைய வீட்டில் வாடகைக்குக் குடியேறினார். இரண்டே வருடத்தில் அவர் கொல்லப்பட்டபோது இங்கிருந்த கடைத்தெருக்கள் எரிந்தன. பிறகு வேலைகள் போயின. ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் விவசாய இயந்திர ஆலை மூடப்பட்டது. 1970களில் சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனம் தன் தலைமையகத்தை நகர மையத்துக்குக் கொண்டுபோனது. ஒரு காலத்தில் நாற்பதாயிரம் பேர் உழைத்த பக்கத்து ஹாதோர்ன் ஆலை 1980களில் பூட்டப்பட்டது. அதே பத்தாண்டில் கிராக் என்ற, புகைக்கும் வகைக் கொக்கேய்ன் போதை வந்தது. 1986 சட்டப்படி ஐந்து கிராம் கிராக் விற்றவனுக்குக் குறைந்தது ஐந்து வருடம். அதே தண்டனைக்குத் தூள் கொக்கேய்ன் என்றால் ஐந்நூறு கிராம் வேண்டியிருந்தது. கிராக் எந்தத் தெருவில் விற்றது, தூள் எந்த விருந்துகளில் புழங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். இதெல்லாம் அடிமைமுறைக் காலத்துக் கதையில்லை. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குச் சொல்லக்கூடிய கதை.

அடிபட்டவன் போலீசுக்குப் போகலாமே என்பீர்கள். சிகாகோவில் ஜான் பர்ஜ் என்ற அதிகாரியும் அவருக்குக் கீழிருந்தவர்களும் 1972 முதல் 1991 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பர்களைச் சித்திரவதை செய்தார்கள். அதற்கு மாநகராட்சி இழப்பீட்டு நிதி ஒதுக்கியது 2015இல். காவல் நிலையப் படியேற முடியாதவன் தன் வழக்கைத் தானே தீர்த்துக்கொள்ளப் பார்ப்பான். துப்பாக்கியோ எளிதாகக் கிடைக்கிறது. மாநில எல்லை தாண்டினால், துப்பாக்கிச் சட்டம் தளர்ந்த இந்தியானா மாநிலம்.

இதனால் விசையை அழுத்தியவன் பொறுப்பாளி இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அழுத்துபவர்கள் எத்தனை பேர் என்பதைப் பாருங்கள். சிகாகோவில் உயிர் தப்பிய துப்பாக்கிக் காயங்களில் நூற்றுக்கு எழுபது, நகர மக்களில் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களின் தொடர்பு வட்டத்துக்குள்ளேயே நடந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. பண்பாடு என்று நீங்கள் சொல்வது அந்தச் சிறு வட்டத்தையா, அல்லது அதே தெருவில் வேலைக்குப் போய் வருகிற மற்ற எல்லோரையுமா?

இனி உங்கள் கடைசிக் கேள்வி. சிகாகோப் பள்ளிகளில் 'பிகமிங் எ மேன்' என்று ஒரு திட்டம் நடக்கிறது. முதல் வகுப்புகளில் ஒன்றில் பையன்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைக்கிறார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. மற்றவன் முப்பது விநாடிக்குள் அதை வாங்கிவிட வேண்டும். உடனே கையை முறுக்குகிறார்கள், விரல்களைப் பிரிக்கிறார்கள், தரையில் புரள்கிறார்கள். முடிந்ததும் ஆசிரியர் கேட்கிறார்: "அதைக் கொடு என்று ஏன் யாருமே கேட்கவில்லை?" "கேட்டால் என்னை இளக்காரமாக நினைப்பான்" என்கிறான் வாங்கவந்தவன். "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே" என்கிறான் வைத்திருந்தவன். இந்தத் திட்டம் நடந்த காலத்தில் அந்தப் பையன்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வகுப்பு நின்றபின் அந்தப் பலன் நீடிக்கவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். மருந்தை நிறுத்தினால் சர்க்கரை ஏறத்தானே செய்யும்?

காலரா, காசநோய்க்கு எதிராக ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய மருத்துவர் கேரி ஸ்லட்கின், வன்முறையும் தொற்றுநோய் போலப் பரவுகிறது என்று சொல்லி 2000த்தில் ஒரு திட்டம் தொடங்கினார். அதன் ஊழியர்களில் பலர் முன்பு கும்பல்களில் இருந்து சிறை சென்று வந்தவர்கள். ஒருவன் சுடப்பட்டால் இவர்கள் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். கட்டிலைச் சுற்றி நிற்கும் நண்பர்கள் அன்றிரவு பழிவாங்கக் கிளம்பாதபடி பேசிப் பேசியே பொழுதை விடியவைக்கிறார்கள். சில இடங்களில் பலித்தது, சில இடங்களில் பலிக்கவில்லை. 2015இல் மாநில அரசு பட்ஜெட் சண்டையில் இதற்கான பணத்தை நிறுத்தியது. அடுத்த ஆண்டு நகரத்தில் எழுநூற்றைம்பதுக்கும் மேல் கொலைகள். அது ஒன்றே காரணமென்று நான் சொல்லவில்லை. ஆனாலும் எரிச்சலாக இருக்கிறது.

அந்த 2015இல்தான் தெற்குப் பக்கத்து எங்கிள்வுட்டில், ஒரு கொலை நடந்த 75ஆவது தெரு முனையில், சில தாய்மார்கள் மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். வேறொன்றும் செய்யவில்லை. சமைத்தார்கள், போகிற வருகிற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். கோடை முழுக்க, அடுத்தடுத்த கோடைகளிலும். 2019 ஜூலையில் அதே முனையில் அவர்களில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருவருமே பிள்ளை பெற்றவர்கள். அதற்குப் பிறகும் மற்றவர்கள் அதே முனையில் நாற்காலி போட்டார்கள்.